உதவி கேட்டால் திட்டிய கருவி

என் தம்பி ஒகெல்லோவின் மூத்த மகள் அவூர். தாய் வழியினர் சியாயா ஊர்க்காரர்கள்; பிடிவாதம் அங்கிருந்து வந்தது. கென்யாவின் கிசுமு நகரில், கொண்டெலே சந்தைக்குப் பின்னால் அவளும் கூட்டாளி நெரிமாவும் சூரிய விளக்கு பழுது பார்க்கிறார்கள். விளக்குச் சில்லுக்குள் இருக்கும் நிரலை, வெந்த மீனை முள் முள்ளாகப் பிரிப்பதுபோலப் பிரித்துக் காட்ட அவர்களிடம் ஒரு கணினிக் கருவி உண்டு. பல ஊர்க்காரர்கள் கூடி இலவசமாகச் செய்வது. யாரும் திருத்தம் அனுப்பலாம். சாம்பியாவின் லுசாகாவில் இருக்கும் சிசங்கா என்பவர் பார்த்துச் சேர்ப்பார்.

போன மாதம் இந்தக் கருவியைப் பழக்க அவூர் பெண்களுக்கு வகுப்பு வைத்தாள். முதல் வேலையாக அவர்கள் உதவி கேட்டுத் தட்டினார்கள். கருவி திட்டியது. பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். சனிக்கிழமை அடுத்த வகுப்பு. கருவியின் புதிய பதிப்பு முந்தின நாள், வெள்ளி மாலை வெளியாகிறது. திருத்தம் அதில் சேராவிட்டால் இந்த வகுப்பும் அதே கதிதான்.

"பாத்தீங்களா பெரியப்பா, உதவின்னு கேட்டா கோப்பு எங்கன்னு கத்துது!" வெள்ளி காலை கடையில் அவூர் எனக்கு ஓட்டிக் காட்டினாள்.

"வழி கேட்டா அடையாள அட்டை கேக்குற போலீஸ்காரன்தான்!" என்றாள் நெரிமா.

அவூர் திருத்தினாள்: உதவி கேட்டால் கோப்பு வேண்டாம், விளக்கம் வரட்டும், முடிவில் கருவி தோல்வி என்று குறிக்காமல் வெற்றி என்று குறிக்கட்டும். அனுப்பியதும், திருத்தம் எதையாவது கெடுத்ததா என்று பார்க்கும் தானியங்கிச் சோதனைகள் ஓடின. திரையில் சிவப்பு!

"போச்சுடி, எதையோ ஒடச்சுட்ட!" என்றாள் நெரிமா.

"சும்மா இரு, படிக்க விடு." படித்தவள் துள்ளி எழுந்தாள். "அடியே! உதவி கேட்டா தோல்வின்னுதான் முடியணுமாம். சோதனையே அப்படி எழுதியிருக்கு!"

பழைய சோதனையைக் காரணம் சொல்லாமல் தொடக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். சோதனையையும் மாற்றி, ஏன் என்று விவரமாக எழுதி அனுப்பினாள். எனக்கோ உட்கார முடியவில்லை. வாசலுக்கும் மேசைக்குமாக நடந்தேன்.

போன் அடித்தது. சிசங்கா!

"அந்தச் சோதனைய எழுதினது நான்தாம்மா. அன்னைக்குக் கருவி என்ன செஞ்சுதோ, அதையே சரின்னு எழுதி வச்சிட்டேன்." சிரித்தார். "சரி, உதவியும் கேக்காம, கோப்பும் குடுக்காம ஓட்டுனா?"

"அப்பப் பிழைதான் சார். அத நான் தொடல."

"அதத்தான் கேக்கணும்னு நெனச்சேன். சேத்துட்டேன், பாரு."

திரை பச்சையானது. நெரிமா மேசையைத் தட்டித் தட்டிப் பாடினாள். என் தொண்டையிலும் ஒரு கூவல் வந்துவிட்டது. பக்கத்துக் கடைக்காரன் கல்யாணமா என்று எட்டிப் பார்த்தான்.

சனிக்கிழமை நானும் பின்வரிசையில் உட்கார்ந்தேன். போன தடவை எழுந்து போன மீன்காரி அகோத் இந்த முறை வந்திருந்தாள். உதவி என்று தட்டினாள். திரை நிறைய விளக்கம் இறங்கியது. குனிந்து விரலால் ஓட்டிப் படித்தாள்.

"அவூர், சில்லு வகைய இதுல எங்க சொல்லணும்?"

"நாலாவது வரி பாருக்கா."

"இருக்குடி! இருக்கு! ஏய், நகருங்க, என் விளக்க எடுங்க!"

யாரும் எழுந்து போகவில்லை. மின்சாரம் போன பிறகும் போகவில்லை.