கேட்காமல் எறிந்த கரு

பேருந்துப் பணிமனையில் பிரேக் வேலை பார்ப்பவள் அவள். தொட்டால் வெடிப்பாள் என்பதால் அங்கே எல்லோருக்கும் 'பட்டாசு'. அச்சகத்தில் வேலை செய்யும் புருஷனோ வாயில்லாப் பூச்சி.

குழந்தைக்காகச் செயற்கைக் கருத்தரிப்பு மருத்துவமனைக்குப் போனார்கள். இரண்டு தடவை கரு தங்கவில்லை. அடுத்த முறை ஆய்வகத்தில் மூன்று கருக்கள் உருவாயின. உள்ளே வைப்பதற்கு முன், ஒவ்வொன்றிலிருந்தும் சில செல்களைக் கிள்ளி மரபணுச் சோதனை செய்துவிடலாம் என்றார் டாக்டரம்மா. இவளும் தலையாட்டினாள்.

முடிவு கேட்கப் போனபோது டாக்டரம்மா கணினித் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஒன்று தேறவே தேறாது. மற்ற இரண்டும் கலப்பு. சில செல் சரி, சில செல் கோளாறு. அப்படிப்பட்டதும் நல்ல குழந்தையாகப் பிறப்பது உண்டாம்.

"அப்ப அந்த ரெண்டையும் வைங்க."

ஒன்றுதான் இருக்கிறது என்றார். இன்னொன்றைத் தேறாததோடு சேர்த்து அப்புறப்படுத்தியாகிவிட்டது. மிச்சமிருப்பதன் சோதனை முடிவு தாமதமாக வந்ததால் அது தப்பித்தது. வீட்டுக்காரரிடம் போனில் கேட்டோமே, சரி என்றாரே.

அவள் திரும்பினாள். புருஷன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கோளாறுன்னு சொன்னாங்க. நான் என்னத்தக் கண்டேன்?"

அவள் கத்தவில்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

"என் உடம்புலேருந்து எடுத்தது. என்னை ஒரு வார்த்தை கேக்கணும்னு உங்க யாருக்கும் தோணல, இல்ல?"

கலப்புக் கருவை இங்கே வைப்பதில்லை என்று கையை விரித்தார்கள். அவள் மல்லுக்கட்டி, உறைநிலைப் பெட்டியோடு அதை வேறு மருத்துவமனைக்கு மாற்றினாள். கரு தங்கியது. பெண் குழந்தை, குறையொன்றும் இல்லை. இப்போது எழுந்து நடக்கிறாள், கையில் கிடைத்ததையெல்லாம் விட்டெறிகிறாள்.

"அதான் தங்கமா ஒண்ணு கெடச்சிடுச்சே, இன்னும் ஏன் எரிஞ்சு விழற?" என்றாள் மூத்த நாத்தனார்.

"கெடச்சதுக்கு நான் யாரையும் திட்டல அண்ணி."

அந்த முதல் மருத்துவமனை, தங்களிடம் உருவான கருதானே என்று, சுவரில் மாட்டக் குழந்தையின் படம் கேட்டு ஆள் அனுப்பியபோதுதான் அடக்கி வைத்திருந்தது பீறிட்டது. வந்தவரை வாசலோடு அனுப்பினாள். மறுநாளே புருஷனை இழுத்துக்கொண்டு போய் மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுத்தாள். போனில் என்ன கேட்டார்கள், தான் என்ன சொன்னோம் என்பதை அவனே திக்கித் திணறிச் சொன்னான். விசாரணை நடக்கிறது.