கருப்பருக்கு ஒரு சுக்குக் காப்பி

1. பல் வலிக்காரர்கள்

காரைக்குடியில் ஒரு போதை மறுவாழ்வு மையத்தில் ஆலோசகராகச் சேர்ந்த முதல் நாள், மத்தியானம் வரை என் அறைக்கு ஈ காக்கை வரவில்லை. கதவுக்கு மேலே 'குடிநோய் ஆலோசனை' என்று கொட்டை எழுத்தில் பலகை. எரிச்சலோடு வெளியே வந்து பார்த்தால், பக்கத்துப் பல் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஆம்பளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லோர் கையும் கன்னத்தில். ஊரில் இத்தனை பேருக்கா சொத்தைப் பல் என்று மலைத்துப்போனேன்.

பல் டாக்டர்தான் சிரித்துக்கொண்டே சொன்னார்: "இதுல பாதி உங்க ஆளுக மேடம். தெரிஞ்சவுக ரோட்டுல போனா பல்லைப் பிடிச்சுக்குவாக. ஆள் நடமாட்டம் குறைஞ்சதும் அங்குட்டு வருவாக."

பலகையைக் கழற்றச் சொன்னேன். பல் ஆஸ்பத்திரிக் காம்பவுண்டு வழியாகவே எங்கள் மையத்துக்கு ஒரு பின்வாசல் வைத்தோம். அதற்கப்புறம் எனக்கு மூச்சு விட நேரமில்லை. இந்த வேலைக்கு வரும் தம்பி தங்கைகள் வைத்திய முறைகளை அப்புறம் படித்துக்கொள்ளலாம். வருகிறவர் எந்த வாசல் வழியாக வருவார் என்பதை முதலில் யோசியுங்கள்.

2. 'வேண்டாம்' வகுப்பு

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்னால் அந்தப் பின்வாசல் வழியாக வந்தவர் சேது. பூப்போட்ட ஆத்தங்குடித் தரைக் கல் பதிக்கிற கொத்தனார். கெட்டிக்காரர்தான். ஆனால் குடியால் கை நடுங்க ஆரம்பித்த பிறகு, அவர் போட்ட தரையில் கல்லுக்குக் கல் பூ சேராமல் கோணிக்கொண்டு நின்றது. அவரை இழுத்துக்கொண்டு வந்தது மனைவி பாண்டிச்செல்வி.

"இதுதேன் கடைசி மேடம். இனிமே ஒரு சொட்டு உள்ள போனாலும் பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு எங்க ஆத்தா வீட்டுக்குப் போயிருவேன். இவுககிட்டயும் சொல்லிட்டேன்."

சும்மா மிரட்டல் இல்லை. துணி அடைத்த பை கையிலேயே இருந்தது.

வார்டில் தங்கவைத்து முதலில் நடுக்கத்தைத் தணித்தோம். பிறகு எங்கள் மையத்து டாக்டர் ஒரு மாத்திரை கொடுத்தார். அது உடம்பில் இருக்கும்போது சாராயம் உள்ளே போனால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடக்கும். சமயத்தில் உயிருக்கே ஆபத்தாகும். மாத்திரையை நிறுத்தினாலும் பல நாள் உடம்பில் நிற்கும். இரண்டு பேருக்கும் விளக்கிச் சொல்லி, சம்மதம் வாங்கித்தான் ஆரம்பித்தோம்.

அடுத்தது குரூப் தெரபி. அதில் 'வேண்டாம்' என்று சொல்லிப் பழக ஒரு வகுப்பு உண்டு. எங்கள் ஊர்க்காரர்களுக்கு நாக்கில் வராத சொல் அது. பந்தியில் 'போதும்' என்று இலையை மறைத்தாலே பரிமாறுகிறவருக்குக் கோபம் வந்துவிடும். நான் குடிகாரக் கூட்டாளியாக வேஷம் கட்டி, டம்ளரில் தண்ணீரை நீட்டினேன்.

"என்ன மாப்ளே, ஒரே ஒரு ரவுண்டு?"

"வேணாம் மேடம்... வேணாம் மச்சான்."

"எனக்காக?"

சேது தலையைச் சொறிந்தார். "இம்புட்டுத் தூரம் சொல்றீக... சரி, கொஞ்சமா ஊத்துங்க."

குரூப்பே விழுந்து விழுந்து சிரித்தது. ஆனால் போகப் போக மனிதர் தேறிவிட்டார். நான் கெஞ்சினாலும் வைதாலும் அசையவில்லை. சாயங்காலமானால்தான் நாக்கு அதிகமாகக் கேட்கும் என்பதால், அந்த நேரத்துக்கு மையத்தில் கருப்பட்டி போட்ட சுக்குக் காப்பி கொடுப்போம். "எனக்கு இது போதும் மச்சான்" என்று அந்த டம்ளரைக் காட்டி என்னையே விரட்டுவார்.

3. சாமி விடவில்லை

வீட்டுக்குப் போய், மாத்திரையை விடாமல் போட்டுக்கொண்டு வேலையும் தொடங்கிய பிறகு, ஒரு நாள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார்.

"நான் விட்டுட்டேன் மேடம். சாமி விடலையே."

விசாரித்தால், அவர்தான் குலதெய்வம் கருப்பருக்குச் சாமியாடி. கெடா வெட்டு வருகிறது. அவர் மேல் கருப்பர் இறங்குவார், படையலில் வைத்த சரக்கை வாங்கிக் குடிப்பார். வருசா வருசம் நடப்பதுதான்.

டாக்டர் சுருக்கமாகச் சொன்னார். "அந்த நேரம் வெளியூர் போயிடுங்க."

"எங்க தாத்தா காலத்துல இருந்து எங்க வீட்டுக்குத்தேன் பரிவட்டம் சார். நான் போகலேன்னா, குடிச்சுக் கெட்டவன்னு சாமியே ஒதுக்கிருச்சும்பாக."

'ஆபத்தான சூழ்நிலைகளைத் தவிர்க்கவும்' என்றுதான் நான் படித்த புத்தகத்திலும் இருந்தது. அதை எழுதினவருக்குக் குலசாமி இல்லை போலிருக்கிறது. பங்காளிகளிடம் உண்மையைச் சொல்லவும் சேது சம்மதிக்கவில்லை. அவர்களைப் பொறுத்தவரை அவர் மாசக் கணக்கில் பல் வைத்தியம் பார்க்கிறார்.

நான் கேட்டேன். "சாமி வந்திருக்கும்போது குடிக்கிறது யாரு?"

"சாமிதேன்."

"அப்புறம் வாந்தி எடுத்து விழப்போறது?"

"நாந்தேன்."

"அப்ப சாமிகிட்ட நீங்கதான் பேசணும். எனக்கு அவரைப் பழக்கமில்லை. மாத்திரை, பாண்டிச்செல்வி, பிள்ளைக, எல்லாத்தையும் உள்ளபடி சொல்லுங்க."

அடுத்த நாளே தனியாகக் கோயிலுக்குப் போய் வந்தார்.

4. படையல்

கெடா வெட்டுக்குப் பாண்டிச்செல்வி என்னைக் கூப்பிட்டிருந்தாள். நல்ல உச்சி வெயிலில் ஒரு வேப்பமரத்தடியில் அவளோடு நின்றேன். பக்கத்தில் கார் தயாராக இருந்தது. போனில் டாக்டர் நம்பரை எடுத்து வைத்திருந்தேன்.

மேளம் ஏற ஏற சேது மேல் சாமி இறங்கியது. கையில் அரிவாள், காலில் சலங்கை, கண் இரண்டும் கோவைப்பழம். பங்காளிகளில் மூத்தவரான சேதுவின் பெரியப்பா பாட்டிலைத் திறந்து செம்பில் ஊற்றி, இரண்டு கையாலும் நீட்டினார். சாமி வாங்கியது. பாண்டிச்செல்வி என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

சாமி செம்பை முகத்தருகே கொண்டுபோனது. பிறகு அப்படியே பீடத்தடியில் கவிழ்த்துவிட்டு அலறியது: "சுக்குக் காப்பி கொண்டாங்கடா!"

மேளம் நின்றுபோனது. சிங்கப்பூரிலிருந்து வீடியோ காலில் பார்த்துக்கொண்டிருந்த யாரோ, "என்னாச்சு, நெட்டு கட்டாயிருச்சா?" என்றார்.

"ஐயா... காப்பியா?" என்றார் பெரியப்பா.

"காப்பிதேன்!"

ஒருவர் பைக்கை எடுத்துக்கொண்டு மெயின் ரோட்டு டீக்கடைக்குப் பறந்தார். அவர் வரும்வரை சாமி அரிவாளோடு நின்றது, யாருக்கும் உட்காரத் தைரியமில்லை. காப்பி வந்தது. சாமி ஒரே மூச்சில் குடித்தது.

"ஐயா, வருசா வருசம் குடுக்கிறதுதானே? இதுல என்ன குத்தம்?" என்று கேட்டார் பெரியப்பா.

சாமி அவரையே உற்றுப் பார்த்தது. "எனக்கு ஊத்துறியா, என்னையச் சாக்கு வச்சு உனக்கு ஊத்திக்கிறியா?"

பெரியப்பா பாட்டிலை மூடித் தள்ளி வைத்தார். பாண்டிச்செல்வி என் கையை விட்டுவிட்டு அழுதாள். நானும் அழுதேன். ஆலோசகர் அழக் கூடாது என்ற விதியெல்லாம் அலுவலக அறையோடு சரி.

5. பின்வாசல்

அடுத்த வாரம் சேதுவிடம் கேட்டேன். "அன்னைக்குப் பேசினது நீங்களா, சாமியா?"

"சாமி வந்துட்டா எனக்கு ஒண்ணும் தெரியாது மேடம்" என்றார் பவ்யமாக. வாசல் வரை போனவர் திரும்பினார். "ஆனா அந்தக் கடைக்காரன் கருப்பட்டியே போடல. வெறும் சீனி."

ஒரு ஆளுக்கு வைத்தியம் பார்ப்பதாகத்தான் படித்துவிட்டு வந்தேன். எங்கள் பக்கத்தில் ஒரு ஆள் என்றால் அதில் மனைவி, பங்காளி, சாமி எல்லோரும் அடக்கம். யாரையும் வெளியே நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்த முடியாது. இந்த வேலை எனக்குக் கற்றுக்கொடுத்தது அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது பல் ஆஸ்பத்திரி வராந்தாவைப் பார்த்தேன். கடைசி பெஞ்சில் பெரியப்பா, கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். எழுபதைத் தாண்டியவர், வாயில் ஒரு பல் கிடையாது.

திரும்பிப் போய்ப் பின்வாசலைத் திறந்து வைத்துவிட்டு, சுக்குக் காப்பிக்குச் சொன்னேன்.