கம்பவுண்டருக்கு வந்த இரண்டு வேலைகள்

எழுபதுகளின் கடைசியில் உத்திரமேரூர் பஜாரில் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்தேன். மாதம் நூற்றி எண்பது ரூபாய், தீபாவளிக்கு ஒரு வேட்டி. காலை எட்டு மணிக்குக் கதவைத் திறந்து, ஊசிகளைக் கொதிக்க வைத்து, நம்பர் போட்ட பெரிய ஜாடிகளில் மிக்சர் மருந்து கரைப்பேன். டாக்டர் நோயாளியைப் பார்த்துவிட்டு, "மூணாம் நம்பர், மூணு வேளை" என்று குரல் கொடுப்பார். நான் ஜன்னலோர மேஜையில் நின்று, அவர்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்த பாட்டிலில் ஊற்றி, ஒரு வேளைக்கு எவ்வளவு என்று தெரிவதற்காக ஓரம் வெட்டிய காகிதப் பட்டையை ஒட்டிக் கொடுப்பேன். ஊசியும் நான்தான் போடுவேன். வீடு திரும்பும்போது கையெல்லாம் ஸ்பிரிட் வாடை, காலெல்லாம் கடுப்பு. எனக்கென்று ஒரு ஸ்டூல்கூடக் கிடையாது. பதினோரு வருஷத்தில் நான் கேட்டதும் கிடையாது. என் சுபாவம் அப்படி.

நாற்பது வயது நெருங்கிவிட்டது. மூத்தவளை ஆறாவதில் சேர்க்க வேண்டும், சின்னவள் பின்னாலேயே வருகிறாள். இதற்கு மேல் எவன் கூப்பிடப் போகிறான் என்று நான் அலுத்துக்கிடந்த அந்த வருஷத்தில்தான் ஒரே மாதத்தில் இரண்டு வேலைகள் வந்தன.

ஒன்று அம்பத்தூரில். என் மச்சான் வேலை செய்த ஃபேக்டரியின் டிஸ்பென்சரியில் ஆள் கேட்டார்கள். முந்நூற்றைம்பது ரூபாய், பி.எஃப். உண்டு. "டாக்டரு வாரத்துல ரெண்டு நாள்தான் வருவாரு. மத்த நாளெல்லாம் நீதான் ராஜா" என்றான் மச்சான்.

இன்னொன்று பக்கத்திலிருந்த பெருநகர் என்ற கிராமத்திலிருந்து. அந்த ஊரில் நிலபுலன் உள்ள பெரியவர் ஒருவர் சளி என்று சொல்லிக்கொண்டு வந்தார். மருந்து வாங்கிக்கொண்டு போகாமல் ஜன்னலோரமே நின்றார்.

"இன்னாத்துக்குய்யா இங்க நின்னுகினு கீற? எங்க ஊருக்கு வந்து ஒக்காரு. ரூமு நான் தரேன். ஊசிக்கு மூணு ரூவா வாங்கிக்க. அறுப்புக்கு அறுப்பு நெல்லு வந்துடும்."

"நான் டாக்டர் இல்லீங்களே."

"எவன் கேக்கப் போறான்? ஊசி போடறது நீதானே? உன் கைராசிக்குத்தானே சனம் வருது?"

என் மனைவி கணக்குப் போட்டாள். அம்பத்தூர் சம்பளத்தில் பாதியை வீட்டு வாடகையும் தண்ணீரும் தின்றுவிடும், பெருநகரே மேல் என்றாள். நானும் தலையாட்டினேன். அவளிடம் சொல்லாத ஒன்றும் உண்டு. அந்த ஊரில் என்னை டாக்டர் என்று கூப்பிடுவார்கள். அதை நினைத்து இரண்டு நாள் தனியாகச் சிரித்துக்கொண்டேன். வெட்கக்கேடுதான், ஆனால் நடந்தது அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை கிளினிக் லீவு. ரூமைச் சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று பஸ் ஏறினேன். சும்மா போகிறவன் ஊசிப் பெட்டியை எடுத்துக்கொண்டா போவான்? எடுத்துக்கொண்டு போனேன்.

போய்ப் பார்த்தால் ரூமுக்கு வெள்ளையடித்து, மேஜை நாற்காலி போட்டு வைத்திருந்தார் பெரியவர். வாசலில் ஏழெட்டுப் பேர். உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தேன். ஒரு கிழவருக்கு இருமல், ஒரு பிள்ளைக்குச் சிரங்கு. இரண்டையும் சுலபமாகச் சமாளித்தேன். நாற்காலி சுகமாகத்தான் இருந்தது.

மூன்றாவதாக ஒருவனைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்தாள் அவன் மனைவி. பெரியவர் நிலத்தில் கூலிவேலை பார்ப்பவன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மடங்கிக்கிடந்தான்.

"நேத்துலேர்ந்து துடிக்கிறாரு டாக்டரே. ஒரு ஊசி போட்டுடுங்க" என்றாள்.

"போட்டுடு. நாளைக்கு அறுப்பு கீது, ஆளு வேணும்" என்றார் பெரியவர்.

வயிற்றுவலிக்கு என்ன ஊசி என்று எனக்குத் தெரியும். ஆயிரம் பேருக்காவது போட்டிருப்பேன். மருந்தைச் சிரிஞ்சில் ஏற்றிவிட்டேன். டாக்டர் முதலில் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பாரே என்று நானும் கையை வைத்தேன். வைத்த கை அப்படியே நின்றுவிட்டது. எதைத் தேட வேண்டும், எங்கே அழுத்த வேண்டும், அவன் எதற்குக் கத்தினால் என்ன அர்த்தம், ஒன்றும் தெரியவில்லை. டாக்டர் வயிறு பார்த்தபோதெல்லாம் நான் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாட்டில் நிரப்பிக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் பார்த்து முடித்த பிறகு சொல்லும் நம்பர்தான். வியர்த்துவிட்டது. மருந்தை ஜன்னலுக்கு வெளியே பீய்ச்சிவிட்டு எழுந்தேன்.

"உத்திரமேரூருக்குப் போவலாம், கெளம்பும்மா."

"வயித்துவலிக்கா பஸ் ஏத்தற?" என்று பெரியவர் கத்தினார். நான் நிற்கவில்லை.

டாக்டர் வீட்டுக் கதவைத் தட்டினேன். லுங்கியோடு வந்தவர், வாசல் பெஞ்சிலேயே அவனைப் படுக்க வைத்து வயிற்றின் வலது பக்கம் அழுத்திவிட்டுக் கையைச் சட்டென்று எடுத்தார். அவன் அலறினான். குடல்வால், உடனே ஆபரேஷன் என்று சீட்டு எழுதி, வாடகைக் கார் பிடித்துக் காஞ்சிபுரம் அனுப்பினார்.

"ஊசி எதுவும் போட்டியா?"

"இல்லீங்க."

"போட்டிருந்தா வலி மட்டும் மட்டுப்பட்டு வீட்லயே படுத்திருப்பான். உள்ள குடல்வால் வெடிச்சிருக்கும்."

அவ்வளவுதான் சொன்னார். அங்கே உனக்கென்ன வேலை என்று கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் இவ்வளவு கூசியிருக்க மாட்டேன்.

அந்த ஆள் பிழைத்துக்கொண்டான். எனக்கு ஒரே பகலில் இரண்டு வேலைகளும் போயின. வீட்டில் சாப்பிடும்போது நடந்ததைச் சொன்னேன். மனைவி பொறுமையாகக் கேட்டாள்.

"சரி, பெருநகரு வேணாம். அம்பத்தூருக்காவது போங்க."

"அங்கயும் வாரத்துல பாதி நாளு டாக்டரு இருக்கமாட்டாரு. வயித்தைப் புடிச்சிக்கினு ஒருத்தன் வந்தா நான் இன்னா பண்றது?"

குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தவள் கரண்டியை நிறுத்தினாள்.

"அப்போ பதினோரு வருஷமா அங்க இன்னாதாங்க கத்துக்கினீங்க?"

குத்திக்காட்டுவதற்காகக் கேட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது கத்தியிருப்பேன். அவள் தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.