செக்கிங் அக்கா கொடுத்த ரத்தம்

பட்டன் ஃபேக்டரியில் அவளுக்குச் செக்கிங் அக்கா என்று பெயர். விரிசல் விட்ட பட்டன், ஓட்டை கோணிய பட்டன் எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது. சிவப்புத் தொட்டியில் வீசிவிடுவாள். வீட்டுக்கு வந்தும் மகராசிக்கு அந்தக் கை சும்மா இருக்காது. தனக்கு வந்த வரன்களை எல்லாம் ஒருவனுக்குக் கூன், ஒருவனுக்குக் கீச்சுக்குரல் என்று கழித்துக்கட்டிவிட்டு, தம்பி வீட்டில் ராஜாங்கம் நடத்தினாள். காலையில் அவள் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டால் மொத்தக் குடும்பமும் வெளியே காத்துக் கிடக்க வேண்டியதுதான். உள்ளே அப்படி என்னதான் செய்கிறாள் என்று கேட்க ஒருவருக்கும் துணிச்சல் கிடையாது.

தம்பி மகளுக்கு ஆறு வயது. திடீரென்று நெடுநெடுவென வளர்ந்தாள். முகத்தில் பரு, அக்குளில் முடி. டாக்டர் சோதித்துவிட்டு விளக்கினார். ஹார்மோன் தயாரிக்க உதவும் ஒரு நொதியின் மரபணுவில் பழுது. அதனால் ஆண் ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரக்கிறது. இப்படியே விட்டால் எலும்பு சீக்கிரமே முற்றி, பிள்ளை குள்ளமாக நின்றுவிடும். மாத்திரை கொடுத்தால் சமாளிக்கலாம். அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டு பழுதும் சேர்ந்தால்தான் இது வரும் என்றும் சொன்னார்.

அந்தக் கடைசி வாக்கியம் மட்டும் அக்காவின் காதில் விழவில்லை. எங்கள் பரம்பரையில் இதெல்லாம் கிடையாது என்று வாய் கிழியப் பேசினாள். தம்பி மனைவி பிள்ளையோடு பிறந்த வீட்டுக்குப் போகட்டும், வைத்தியத்தை அவர்களே பார்க்கட்டும் என்று தீர்ப்பும் சொல்லிவிட்டாள். அந்த வீட்டில் இருப்பதோ படுத்த படுக்கையான அம்மா மட்டும். தம்பி சரியான பிள்ளைப்பூச்சி. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பாவம், அவன் மனைவி அழுதுகொண்டே பெட்டி கட்டினாள்.

கிளம்பும் முன் தம்பி, அவன் மனைவி இருவர் ரத்தத்தையும் சோதிக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். "என்னுதையும் சேர்த்து எடுங்க. எங்க ரத்தம் எவ்வளவு சுத்தம்னு எல்லாருக்கும் தெரியட்டும்" என்று அக்கா சட்டைக் கையைச் சுருட்டி நீட்டினாள். யாராவது கேட்டார்களா? வலியப் போய் மாட்டிக்கொண்டாள்.

முடிவு வந்த அன்று டாக்டர் எல்லோரையும் உட்கார வைத்தார். தம்பிக்கு ஒரு பழுது, அவன் மனைவிக்கு ஒரு பழுது.

"உங்களுக்கு ரெண்டுமே இருக்கும்மா" என்றார் அக்காவிடம், தணிந்த குரலில். "பிள்ளைக்கு இருக்கறதுதான் உங்களுக்கும். தாடையில முடி வளருதா? சின்ன வயசிலேயே வந்திருந்தா மாத்திரையில கட்டுப்படுத்தியிருக்கலாம்."

அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. தினமும் தாழ் போட்டுக்கொண்டு மழித்த தாடைக்குக் கை தானாகப் போனது. கூனாவது, கீச்சுக்குரலாவது! கட்டிக்கொள்கிறவன் என்றைக்காவது இதைப் பார்த்துவிடுவானே என்ற பயத்தில்தான் அத்தனை பேரையும் விரட்டியிருந்தாள்.

வீட்டுக்கு வந்தார்கள். கூடத்தில் பெட்டி கட்டியபடியே இருந்தது.

"இப்ப யார் கிளம்பணும் அண்ணி?" என்று தம்பி மனைவி கேட்டாள்.

அக்கா பெட்டியைத் திறந்து பிள்ளையின் துணிகளை எடுத்து அலமாரியில் அடுக்கினாள். ஒரு சட்டையில் பட்டன் விரிசல் விட்டிருந்தது. அதையும் மடித்து உள்ளே வைத்தாள்.