ராக்காயி வெட்டாமல் விட்ட ஓடைக்கரை

ராக்காயி என் பக்கத்து வீட்டுக்காரி. ஈப்போவுக்குக் கிழக்கே மலையடிவாரத்து ரப்பர்த் தோட்டத்துல ஒரே லயத்து வரிசை வீடுகள்ல குடியிருந்தோம். புருசன் போய்ச் சேர்ந்துட்டான். அவளுக்குன்னு இருந்தது ஒரே மக மங்களம். அந்தப் பிள்ளை குளிர்காய்ச்சல்ல விழுந்து பொழச்சப்ப, மாரியம்மனுக்கு நேர்ந்துக்கிட்டா: கரகம் எடுக்கிற ஓடைக்கரையில ஒரு செடி மொளைக்க விடமாட்டேன்னு. சொன்னபடி வெள்ளிக்கிழமை தவறாம பாராங் கத்தியோட போயி வெட்டித் தள்ளுவா. ஓடை வெயில்ல பளபளன்னு கெடக்கும். எங்க லயத்துக்கே அதுல பெருமை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழாம் வருசம் சீமையிலருந்து ஒரு எளந்துரை வந்தார். காய்ச்சலைப் பத்தி ஆராஞ்சு எழுதினாத்தான் அவர் படிக்கிற பெரிய படிப்புக்குப் பட்டமாம். ஓடை ஓடையா குனிஞ்சு குப்பியில தண்ணி மோந்துக்கிட்டுத் திரிஞ்சார். ஒருநாள் காலையில பேர் கூப்பிடுற பெரட்டுல எங்களை வரிசையா நிக்க வச்சு, நீங்க கண்டுபிடிச்சதைச் சொல்லுங்கன்னு தோட்டத்துத் துரை அவருக்கு ஒரு வெத்தலை மெல்லுற நேரம் குடுத்தார். அவர் இங்கிலீசுல சொல்லச் சொல்ல, கணக்கெழுதுற கிராணி சூசைநாதன் தமிழ்ல சொன்னார்.

"காய்ச்சலைக் கொண்டாற கொசு சாக்கடையில பொறக்கல. வெயில் படுற தெளிஞ்ச ஓடைத்தண்ணியிலதான் பொறக்குது. செடி அடைஞ்சு நிழல் விழுந்தா அது அங்க முட்டை போடாது. அதனால கரையை வெட்டாதீங்க."

எனக்கு ஒரு எழவும் வெளங்கல. சுத்தமா வை, சுத்தமா வைன்னு எங்க உசுர வாங்கினது இவங்கதானே? இப்ப வெட்டாதேங்கிறதும் இவங்கதான். என்ன கூத்துலா இது.

அன்னிக்கு மங்களம் மறுபடியும் காய்ச்சல் வந்து கம்பளிக்குள்ள நடுங்கிக்கிட்டுக் கெடந்தா. ராக்காயி வரிசையை விட்டு முன்னால போனா.

"கிராணியாரே, ஒண்ணே ஒண்ணு கேட்டுச் சொல்லுங்க. நான் வெட்டாம விட்டா எம்மக பொழச்சுக்குவாளா?"

எளந்துரை ரொம்ப யோசிச்சுத்தான் பதில் சொன்னார். சூசைநாதன் தலையைக் குனிஞ்சுக்கிட்டார். "இந்தப் பிள்ளைக்கு எப்படின்னு தெரியாதாம், அம்மா. லயத்துல மொத்தமா காய்ச்சல் கொறையும்னு நெனைக்கிறாராம்."

தெரியாதுன்னு சொல்லவா எங்களை நிக்க வச்சாங்க?

வெள்ளிக்கிழமை வந்துச்சு. கையில கத்தியோட கரையில நின்ன ராக்காயி, கூடப் போன என்னைப் பாத்தா. "வெட்டுனா கொசு. வெட்டலேன்னா ஆத்தா கோவிச்சுக்குவா. நான் என்னக்கா செய்ய?"

"எனக்கு மட்டும் என்னடி தெரியும்"னேன்.

வெட்டாமத் திரும்பிட்டா. புரட்டாசியில மங்களம் போயிட்டா.

நேத்திக்கடனை இவ விட்டுட்டா, அதான் ஆத்தா பிள்ளையை எடுத்துக்கிட்டான்னு லயம் பூரா பேச்சு. எனக்கும் அப்படித்தான் பட்டுச்சு. ஆனா அடுத்த வருசம் கரை பூரா புதர் மண்டினப்ப, காய்ச்சல்ல படுக்கிற பிள்ளைங்க கொறஞ்சுபோனாங்க. நிழலா, ஆஸ்பத்திரி டிரெசர் குடுத்த கொய்னா மருந்தா, யாரு கண்டா.

திருவிழா வந்துச்சு. கரகத்துக்காகக் கரையைச் சுத்தம் பண்ண கோயில் காரியம் பாக்குற மாயாண்டி அண்ணன் ஆளுங்களைக் கூட்டிக்கிட்டுக் கத்தியோட வந்தார். ராக்காயி குறுக்க போயி நின்னா.

"தண்ணிய மோந்துக்கிட்டுப் போங்கண்ணே. செடியைத் தொடாதீங்க."

"இவ்வளவுக்கு அப்புறமும் அந்தத் துரை சொன்னதை நம்புறியா?"

"தெரியலண்ணே. அவர் சொன்னது நெசம்னா, வெட்டி வெட்டி எம்மகளை நாந்தான் கொன்னேன். பொய்யின்னா, வெட்டாம விட்டு நாந்தான் கொன்னேன். எனக்கு எப்படிப் பாத்தாலும் ஒண்ணுதான். உங்க பிள்ளைங்க இன்னும் உசுரோட இருக்கு. செடியைத் தொடாதீங்க."