வயலில் நின்றவர் ஏழுமலை

ஏழுமலை இறந்துவிட்டார் என்று அவர் மகள் செல்வி போனில் சொன்னாள். அழுகையை அடக்கிக்கொண்டு, கூடவே ஒரு போட்டோவும் கேட்டாள். "மேடம், அப்பா வயல்ல நிக்கற போட்டோ ஒண்ணு உங்ககிட்ட இருக்குதாமே. பேனருக்கு வேணும். ஆதார் கார்டுல அப்பா அப்பா மாதிரியே இல்ல." உடனே அனுப்புகிறேன் என்றேன். அனுப்ப அரை நாள் ஆனது. ஏன் என்பதை மரக்காணம் பக்கத்தில் அவரை அறிந்தவர்களிடம் நான் சொல்லியாக வேண்டும்.

அங்கே நான் கிராம நிர்வாக அலுவலராக இருந்தேன். உப்பளத்தை ஒட்டிய ஒன்றரை ஏக்கரில் ஏழுமலை குத்தகைக்கு நெல் வைத்திருந்தார். பட்டா சென்னையில் இருக்கும் ஒருவர் பெயரில். குத்தகை வாய்ச்சொல்லில்தான், யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. எந்த நிலத்தில் என்ன பயிர், யார் சாகுபடி என்று பதியும் அடங்கலில், ஒவ்வொரு போகமும் 'சொந்த சாகுபடி' என்றே எழுதினேன். வயலுக்குப் போனால் மண்வெட்டியோடு எதிரே வருபவர் ஏழுமலை. "சேறு மேடம், செருப்பைக் கையில எடுத்துக்குங்க" என்பார். நிலத்தின் சொந்தக்காரரை நான் அங்கே ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

கதிர் பிடிக்கும் நேரத்தில் புயல் வந்தது. உப்புத் தண்ணீர் வயலுக்குள் ஏறிவிட்டது. நிவாரணத்துக்கு, பாழான பயிர் நடுவே விவசாயி நிற்கிற படம் வேண்டும் என்று உத்தரவு. சொந்தக்காரரை அழைத்தேன். "இந்த மழையில எங்க வர்றது மேடம்? அவரையே நிக்க வெச்சு எடுத்துடுங்க. பேரு என்னுது போடுங்க. அவரு பேரை எழுதினா நாளைக்கு நிலத்துல பாத்தியம் பேசுவாரு" என்றார்.

ஏழுமலை முழங்கால் தண்ணீரில் இறங்கி, சட்டைப் பொத்தானை எல்லாம் போட்டுக்கொண்டு நின்றார். "சிரிக்கணுமா மேடம், அழுவணுமா?" நான் சிரித்துவிட்டேன். இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. படத்தின் அடியில் சர்வே எண்ணையும் சொந்தக்காரர் பெயரையும் சேர்த்தேன். விசாரித்து உண்மையை எழுத எனக்கு அதிகாரம் இருந்தது. நமக்கேன் வம்பு என்று விட்டேன். வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

பணம் சென்னைக் கணக்குக்குப் போனது. பட்டியலை அலுவலகச் சுவரில் ஒட்டிய அன்று ஏழுமலை வந்தார். விரல் வைத்து மேலிருந்து கீழே இரண்டு முறை படித்தார். பிறகு என்னிடம், "போட்டோ நல்லா வந்துச்சா மேடம்?" என்று மட்டும் கேட்டார். நன்றாக வந்தது என்றேன்.

அடுத்த வருஷம் அந்த நிலத்தில் சவுக்கு வைத்துவிட்டார்கள். ஏழுமலை உப்பு வாரப் போனார். ஒரு நாள் சாலையோரம் பார்த்து ஸ்கூட்டரை நிறுத்தினேன். "அந்தத் தண்ணிதான் பயிரைத் தின்னுச்சு. இப்ப அதுவே கூலி குடுக்குது. வுடுங்க மேடம்" என்றார். என்னை அவர் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் ஏதாவது ஒரு விதியைச் சொல்லித் தப்பித்திருப்பேன்.

துக்கத்துக்குப் போனேன். தெருமுனையில் பேனர் கட்டியிருந்தார்கள். 'விவசாயி ஏழுமலை' என்று செல்வி போட்டிருந்தாள். இத்தனை போகத்தில் நான் ஒருமுறைகூட எழுதாததை அவள் எழுதிவிட்டாள். "நல்ல போட்டோ மேடம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அடியில் இருந்த பெயரை வெட்டிவிட்டுத்தான் அந்தப் படத்தை அவளுக்கு அனுப்பினேன். வெட்டாத படம் என்னிடம் இருக்கிறது. அதில் தண்ணீரில் நிற்பவர் ஏழுமலை. அடியில் இருக்கும் பெயர் வேறொருவருடையது. அதை எழுதியவள் நான்.