எழுதிக்கொண்டுபோன கறி

வீடுவீடாகக் கேட்டு எழுதிவரும் விவரங்களைக் கூட்டிக் கழித்து, ஊர் எவ்வளவு வளர்ந்திருக்கிறது, இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் இடைவெளி எவ்வளவு என்று சொல்வது இன்று என் பிழைப்பு. அப்படியொரு தாளில் எங்கள் வீடும் ஒருமுறை ஏறியிருக்கிறது. அதில் இருப்பது அத்தனையும் பொய் என்பதற்கு நானே சாட்சி.

அப்போது வில்லாபுரத்தில் ஒற்றை அறை வாடகை வீடு. எனக்கு எட்டு வயது. அப்பாவுக்கு வாரத்தில் மூன்று நாள் பெயிண்ட் வேலை கிடைத்தால் பெரிது. அலங்காநல்லூர் அத்தை, தன் மகனுக்கு அக்காவைக் கேட்கலாமா வேண்டாமா என்று பார்க்க வந்து உட்கார்ந்திருந்த நேரத்தில்தான் கணக்கெடுக்கும் டீச்சரும் வந்து சேர்ந்தார். அத்தை வீட்டில் வயலும் மாடும் உண்டு. இந்தச் சம்பந்தம் கைநழுவிவிடக் கூடாதே என்று அம்மாவுக்குப் பல நாளாகவே ஒரே கவலை.

போன முப்பது நாளில் என்னென்ன சாப்பிட்டீர்கள் என்று டீச்சர் ஒவ்வொன்றாகக் கேட்டார். அம்மா ஒருமுறை அத்தையைப் பார்த்துக்கொண்டாள். தினமும் ஒரு லிட்டர் பால், பிள்ளைகளுக்கு முட்டை என்று சரளமாக வந்தது. கறி என்றதும், "வாரவாரம் ஞாயித்துக்கெழம ஒரு கிலோ எடுப்போம்" என்றாள். நான் கடைசியாகக் கறி தின்றது மாட்டுப்பொங்கலுக்கு. கேட்கும்போதே நாக்கில் எச்சில் ஊற, மீனும் எழுதுங்கள் என்று நானும் சேர்ந்துகொண்டேன். அத்தை தலையைக் குனிந்துகொண்டாள்.

தண்ணீர் குடிக்க அடுப்படித் தடுப்புக்குள் வந்த டீச்சர், பழைய சோற்று நீச்சத்தண்ணிச் சட்டியையும் கவிழ்த்து வைத்திருந்த காலி டப்பாக்களையும் பார்த்தார். மாற்றி எழுதிக்கொள்ளவா என்று மெதுவாகக் கேட்டார்.

"வேணாம் டீச்சர். எழுதுனது எழுதுனபடியே இருக்கட்டும்" என்றாள் அம்மா, அத்தைக்குக் கேட்காத குரலில்.

அடுத்து டீச்சரோடு கூடவே போய் எதிர் மாடிவீட்டைக் காட்டிவிட்டது நான்தான். மூன்று லாரி ஓடும் வீடு அது. கணக்கெடுக்க ஆள் வருவது தெரிந்ததும் காரைத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். எந்தக் கேள்விக்கும் அந்த வீட்டம்மா, ஏதோ கஞ்சியோ கூழோ குடித்துக் காலம் ஓடுகிறது என்றே சொன்னார். ஒரே மதியத்தில் நாங்கள் ஏறினோம், அவர்கள் இறங்கினார்கள். எங்கள் தெருவில் ஏற்றத்தாழ்வு என்பதே தாளில் இல்லாமல் போயிற்று. இன்றும் ஒரு பகுதியில் இடைவெளி ரொம்பக் குறைவு என்று கணக்கு வந்தால், அந்தத் தாள்களை மறுபடி எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தை ஒரு தூக்குவாளி நிறையக் கறிக்குழம்போடு பஸ் ஏறி வந்தாள்.

"நீங்க வாரவாரம் எடுக்குறதுதான் மதினி. இருந்தாலும் வாக்கப்பட்டு வரப்போற புள்ளைக்கு நம்ம வீட்டு ருசி தெரியணும்ல" என்றாள்.

பரிமாறும்போது அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். குழம்பில் காரம் அதிகம் போல என்று நினைத்தேன். டீச்சர் எழுதிக்கொண்டுபோனதைப் பார்த்து சர்க்கார்தான் அத்தையிடம் கறி கொடுத்தனுப்பியது என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொன்னேன். அதற்கடுத்த ஞாயிறு, நான் சொல்லி எழுதிய மீன் வருமென்று பொழுது சாயும்வரை வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன்.